தம்பி கேட்ட சான்றிதழ்

8 ஜூலை 1974, திங்கள்

விடாத மழை. தாலுகா ஆபீஸ் கூரை ஒழுகி இரண்டு ரிஜிஸ்டர் நனைந்துவிட்டன. மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

தம்பி சந்திரனின் இருப்பிடச் சான்றிதழில் தாசில்தார் கையெழுத்துப் போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டுக்கு வேண்டியது. கொடுக்க வேண்டிய கிளார்க் நான். என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அவன் எம்.எஸ்ஸி. தாவரவியல், முதல் வகுப்பு. சாந்தன்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சிப் பண்ணையில் இரண்டு வருஷமாகத் தினக்கூலி. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் கூப்பிட்டிருக்கிறது. இங்கே வேலை நிரந்தரமானால் போகமாட்டேன் என்கிறான். அந்த உத்தரவு ஒரு வாரத்தில் வருமாம். ஒரு வாரம்தானே.

11 ஜூலை, வியாழன்

தம்பி பஸ் ஏறி தேவிகுளம் ஆபீஸுக்கே வந்துவிட்டான். எல்லோரையும் போல வரிசையில் நின்றான்.

"எக்கா, சர்டிபிகேட் வந்துருச்சா?"

"இன்னும் வரலடா."

சாயா வாங்கிக் கொடுத்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கட்டை நோய் அண்டாத ஏலச்செடி நாலு கண்டு வச்சிருக்கேங்க்கா. இன்னும் மூணு வருஷம் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

செடி பற்றிப் பேசும்போது மட்டும் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

15 ஜூலை, திங்கள்

உத்தரவு வந்தது. நிரந்தர வேலை யாருக்கும் இல்லை. தினக்கூலிக்காரர்களும் இந்த மாதக் கடைசியோடு சரி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னான். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுப் படிச்சும் இங்கன ஒரு வேல இல்லையா?"

சான்றிதழை ஆபீஸிலிருந்து எடுத்து வந்திருந்தேன். கொடுத்தேன்.

"போன திங்கக்கிழமையே வந்துருச்சு. நாந்தான் பூட்டி வச்சேன். நீ போயிருவன்னு."

தேதியையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"இந்த நாட்டுல என்னைய நிறுத்தி வைக்கணும்னு நெனச்சது நீ ஒருத்திதாங்க்கா."

அடுப்படிக்குள் போய்விட்டேன்.

16 ஜூலை, செவ்வாய்

ஆபீஸுக்கு லீவு. தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நானே ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன். தேங்காய், சோப்பு, அம்மாவுக்கு இருமல் மருந்து.

2 செப்டம்பர், திங்கள்

வெயில். காலை பஸ்ஸில் போனான். மதுரை, மெட்ராஸ், அப்புறம் பம்பாய், அங்கிருந்து விமானம். எனக்குக் கை காட்டத் தெரியவில்லை, என் கைப்பையைப் பிடித்தபடியே நின்றேன். அம்மா வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அங்கன ஏலக்கா வெளையுமா?"

"இல்லம்மா. மக்காச்சோளத்துல ஏதோ நோயாம். அதப் பாப்பான்."

"யாரு சோளம்?"

"அந்த ஊருக்காரங்க சோளம்."

அம்மா அழ ஆரம்பித்தாள்.