நாலுகண்ணன் படுத்த வயல்

மிஹ்ர் மாதம், இரண்டாம் நாள்

தேனக் இன்று தயிர்ப்பானையைப் போட்டு உடைத்தாள். இந்த நாட்குறிப்பை எழுத எனக்கு ஒன்பது ஓடு கிடைத்தது. "பொண்டாட்டின்னா இப்படியில்ல இருக்கணும்" என்றேன். அகப்பை பறந்து வந்தது. குறி தப்பிவிட்டது. அவளுக்கும் வயதாகிறது.

உழவு முடிந்தது. மண் பொலபொலவென்று கிடக்கிறது. திருவிழா கழிந்ததும் கோதுமை விதைக்க வேண்டும்.

நாங்கள் உண்ணுமுன் நாலுகண்ணனுக்கு வைக்கும் மூன்று கவளமும் அப்படியே கிடந்தன. பதினாலு வயது நாய். இன்னும் எத்தனை நாளோ.

மூன்றாம் நாள்

பால் மட்டும் குடித்தான். அதுவும் தேனக் விரலில் தொட்டு வைத்தால்தான். நான் வைத்தால் என் மாமியார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

நான்காம் நாள்

தேனக்கின் அண்ணன் விந்தோய் மூச்சிரைக்க வந்தார். பக்கத்து வயல் அவருடையது.

"மாப்பிள்ளை! உங்க நாய் நட்டநடு வயல்ல போய்ப் படுத்திருக்கு. நீங்க இங்க உக்காந்து ஓட்டைச் சுரண்டிக்கிட்டு இருக்கீங்க!"

ஓடினேன். உழுத மண் குளிர்ச்சியாக இருக்கும் அல்லவா, வயிற்றை அதில் அப்பிக்கொண்டு கிடந்தான். தூக்கி வந்தேன். எலும்பும் தோலும்தான், ஆனாலும் கனக்கிறான்.

விந்தோய் பயந்ததில் தப்பில்லை. நெருப்பை வணங்கும் எங்கள் வழக்கில், நாயோ மனிதனோ உயிர்விட்ட நிலத்தில் ஒரு வருஷம் விதை விழக்கூடாது, தண்ணீர் பாயக்கூடாது. எங்களுக்கு இருப்பது இந்த ஒரு வயல்.

"கட்டிப் போடுங்க மாப்பிள்ளை."

கட்டிப் போட்டேன்.

ஐந்தாம் நாள்

கயிறு அவிழ்ந்து கிடக்கிறது. நாய் வயலில்.

"யாரு அவுத்தது?"

"எலியா இருக்கும்" என்றாள் தேனக், என்னைப் பார்க்காமல்.

"ரெண்டு கால் எலியா?"

"ராத்திரி பூரா அவன் முனகினானே, ஒங்க காதுல விழலியா? குறட்டை விட்டுக்கிட்டே கெடந்தா எப்படி விழும்?"

எனக்கும் விழுந்தது. நான் குறட்டை விடவே இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆறாம் நாள்

மூன்று முறை தூக்கி வந்தோம். மூன்றாம் முறை தேனக்கின் போர்வையில், ஆளுக்கு ஒரு முனை பிடித்து. "கல்யாணத்தன்னிக்குக்கூட உன்னை இப்படித் தூக்கலியே" என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டு அழுதாள்.

எட்டாம் நாள்

மழை வாசனை. ஊரெல்லாம் விதைப்பைப் பற்றியே பேச்சு. நான் நாயைக் காவல் காக்கிறேன். உலகத்தில் நாய்தான் மனிதனைக் காக்கும். எங்கள் வீட்டில் எல்லாமே தலைகீழ்.

ஒன்பதாம் நாள்

தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் நாலுகண்ணன் மறுபடி வயலுக்கே போய்விட்டான். பகல் உச்சி. வயலுக்கு ஓடினேன். மூச்சு நின்று நின்று வந்தது. விந்தோய் வரப்பில் கத்திக்கொண்டிருந்தார்.

"தூக்குங்க மாப்பிள்ளை! பத்தடிதான், வரப்பு தாண்டிப் போட்டுடலாம்!"

அவன் வயிற்றுக்கடியில் கை கொடுத்தேன். ஒரு சத்தம் போட்டான். பதினாலு வருஷத்தில் அவன் அப்படிக் கத்திக் கேட்டதில்லை. ஓநாய் தொடையைக் கிழித்தபோதுகூட இல்லை. கையை எடுத்துவிட்டேன். மறுபடி கொடுத்தேன். மறுபடி அதே சத்தம்.

தேனக் வந்து சேர்ந்தாள்.

"ஏம்மா, தூக்கினா வலிக்குது இவனுக்கு. தூக்கலேன்னா அடுத்த வருஷம் நாம என்னத்தத் திங்கிறது? நீ சொல்லு. என்னால முடியல" என்றேன்.

அவள் உழுசாலிலேயே உட்கார்ந்தாள். அவன் தலையை எடுத்து மடியில் வைத்தாள். கண்ணுக்கு மேலே இருக்கும் அந்த இரண்டு பொட்டையும் தடவினாள். அந்தப் பொட்டுக்காகத்தானே ஊரில் யார் செத்தாலும் இவனை அழைத்துப் போவார்கள். இவன் பார்த்த பிறகுதான் பிணம் எடுப்பார்கள்.

"இந்த ஊர்ல போனவங்க அத்தனை பேரையும் கடைசியாப் பாத்தவன் இவன். நம்ம வர்தக்கையும் இவன்தான பாத்தான். கொஞ்சநேரம் கூடவே நின்னு பாத்தான், ஞாபகம் இருக்கா? இவன் போறப்ப இவனைப் பாக்க ஒரு ஆள் வேண்டாமா? பத்தடி தூக்கிப் போடவா வந்தோம்?"

எட்டு வருஷமாக மகளின் பெயரை அவள் வாயால் நான் கேட்டதில்லை.

நானும் உட்கார்ந்தேன். விந்தோய் சத்தம் போடுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் முடிந்தது. தேனக் அதுவரை கண் இமைக்கவில்லை.

விந்தோய் என் பக்கம் குனிந்தார். "நாம மூணு பேர்தான் இருக்கோம். வரப்புக்கு அந்தப் பக்கம்தான் செத்தான்னு சொல்றேன். யாரு கேக்கப் போறா?"

எனக்கு ஆசை வந்தது. மறைப்பானேன், வந்தது. எழுதி வைக்கிறேன்.

"மச்சான், பொய் சொன்னா உங்களுக்குக் காது செவக்கும். இந்த மண்ணுக்கும் தெரியும். விடுங்க."

பிணத்தைத் தனி ஆள் தூக்கக்கூடாது. விந்தோய் தானே வந்து மறுபக்கம் பிடித்தார். மனிதனைக் கொண்டுபோவது போலவே, பிணங்களைக் கழுகுக்கு வைக்கும் குன்றுக்குக் கொண்டுபோனோம். பிறகு தீட்டுக் கழிய இரண்டு பேரும் கோமியத்தில் குளித்தோம். "மச்சான், உங்ககிட்ட வித்தியாசமே தெரியலியே" என்றேன். அடிக்க வந்தார்.

பத்தாம் நாள்

பூசாரியிடம் நானே போய்ச் சொன்னேன். சின்னப் பையன்தான், நெருப்பில் மூச்சுப் படாமல் கட்டும் முகத்திரைக்குள் ஓயாமல் தும்முகிறான். வயலை நான்கு பக்கமும் நடந்து பார்த்தான்.

"அந்த எடத்தை மட்டும் விட்டா போதாதா சாமி?"

"வயல் பூரா ஒரே பாத்தியா கெடக்கு. தண்ணி எல்லாத்துக்கும்தான் ஓடும். முழுசும் ஒரு வருஷம்." பிறகு மெதுவாக, "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான்.

"தெரியும் சாமி. அதான் ரெண்டு நாள் தூங்காம யோசிச்சு வந்தேன்" என்றேன். ஒரு ராத்திரிதான். சும்மா கூட்டிச் சொன்னேன். இதுவும் பொய்தான், போய்த் திருத்த வேண்டும்.

பத்தொன்பதாம் நாள்

ஊர் விதைத்தது. என் வாய்க்காலை நானே சேற்றால் அடைத்தேன்.

விந்தோய் தன் வயலில் கிழக்குப் பாதியைக் காட்டி, "எனக்கு இடுப்பு வலி. இதை நீங்க வெதைச்சு நீங்களே அறுத்துக்குங்க" என்றார். அவர் இடுப்பு இரும்பு. காது மட்டும் சிவந்திருந்தது.

ஆபான் மாதம், பத்தாம் நாள்

விந்தோய் தந்த பாதி வயலுக்குப் போனது போக விதைக்கோதுமை ஒரு மூட்டை மிஞ்சிக் கிடந்தது. வீட்டில் மாவு இல்லை. விதையைத் தின்பது இந்த வீட்டில் நடந்ததே இல்லை. தேனக் மூட்டையை அவிழ்த்துத் திரிகையில் போட்டாள்.

அரைக்க அரைக்கப் பேச ஆரம்பித்தாள். வர்தக் நாலு வயதில் இதே மாதிரி விதையை வாய் நிறைய அடைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் திங்கல" என்று சொல்லப்போய் எல்லாவற்றையும் என் மேல் துப்பிய கதை. எனக்கு அது மறந்தே போயிருந்தது. சிரித்துச் சிரித்துத் திரிகை நின்றுவிட்டது. இன்னொன்று சொன்னாள். அதற்கு மேல் இன்னொன்று. திரிகையை நான் வாங்கிச் சுற்றினேன்.

விந்தோய் வாசலில் வந்து நின்றார். மூட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"வெதையைத் தின்னுக்கிட்டு என்ன சிரிப்பு வேண்டிக்கெடக்கு?"

"உள்ள வாண்ணே" என்றாள் தேனக். "ரொட்டி சூடா இருக்கு. உக்காரு. வர்தக் உன் தாடியைப் பிடிச்சுத் தொங்கின கதைக்கு இப்பத்தான் வர்றேன்."