புட்டியில் வைத்த பால்

பிப்ரவரி 6
இரண்டு பக்கமும் பால் பீச்சும் பம்பு வைத்தும் புட்டியின் அடி மட்டும்தான் நனைந்தது. நிலா பிறந்து இரண்டு மாதம். மார்பில் போட்டால் சப்பிப் பார்த்துவிட்டு அலறுகிறாள். அதனால்தான் பீச்சிச் சேர்த்து ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். நான் கண்ணயரும்போது அத்தை சூடுகாட்டிக் கொடுக்கிறார். பம்பை வாங்கித் தந்துவிட்டு என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியோடு ராய்ப்பூர் பக்கம் போய்விட்டார். காம்பெல்லாம் புண். நாளையோடு நிறுத்திவிடலாமா?

பிப்ரவரி 7
நிறுத்த மாட்டேன். தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் உஷாராணி நிலாவை எடை பார்த்து, "நல்லா ஏறியிருக்குது" என்றார். என் பால்! கொஞ்சமானாலும் ஒட்டுகிறது.
ஆனால் அத்தை ஏன் என் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்?

பிப்ரவரி 10
நிலா ஏப்பம் விட்டாள். வேறு வாசனை. என் பாலுக்கு அந்த மணம் கிடையாது. அத்தையிடம் கேட்க வாயெடுத்தேன்; கேட்காமல் புட்டியைக் கழுவப் போய்விட்டேன். பத்தாவதோடு என் படிப்பு நின்றுபோனதும் இப்படித்தான், 'படிக்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல்.

பிப்ரவரி 11
பக்கத்து வீட்டு குப்பாயி அக்கா வந்ததும் அத்தை அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டார். "பத்தொம்பது வயசுக்காரிக்கே ஊறலீன்னா அப்பறம் யாருக்கு ஊறும்?" இது குப்பாயி அக்கா. "மெதுவாப் பேசு, அவளுக்குத் தெரிய வேண்டாம்." இது அத்தை.
எது தெரிய வேண்டாம்?

பிப்ரவரி 12
தூங்குவதுபோலக் கிடந்தேன். அத்தை புட்டியோடு கொல்லைப்பக்கம் போனார். பின்னாலேயே போனேன். கறிவேப்பிலைச் செடிக்கு என் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்.
"ஏனுங்கத்தை! எம் பாலுங்க அது!" கத்தியது நான்தானா?
"கத்தாத அம்மிணி. ஐஸ்பொட்டியில வெச்ச தாய்ப்பாலு செத்த பாலு. புள்ளைக்குச் சளி கட்டிக்கும். காலு மிதிபடற எடத்துல ஊத்தப்படாதுன்னுதான் செடிக்கு ஊத்தறேன்."
"அப்ப அவ என்னத்தைக் குடிச்சா?"
"நர்ஸம்மா சொன்ன பவுடருப் பாலு. போன மாசம் எடை எறங்கிப்போச்சு. உங்கிட்டச் சொன்னா இருக்கறதும் வத்திப்போயிருமுன்னு..."
"எல்லா நாளுமா?"
"எல்லா நாளுந்தான் சாமி."
அப்படியென்றால் அந்த எடை — அதில் என்னுடையது ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 13
இனி பம்பைத் தொடக்கூடாது என்றிருந்தேன். தொட்டேன். எதற்கு?

பிப்ரவரி 14
அத்தையையும் கூட்டிக்கொண்டு நர்ஸிடம் போனேன். நானே கேட்டேன். அவர் முதலில் அத்தையிடம், "ஃப்ரிட்ஜுல வெச்சா சளியெல்லாம் கட்டாதுங்க. யாரு சொன்னா உங்களுக்கு?" என்றார். பிறகு என்னிடம், "இவ்வளவுதான் ஊறுதுன்னா அது உங் குத்தமில்ல கண்ணு. பவுடரு சேத்தித்தான் ஆகோணும். பம்ப வெக்கறதும் உடறதும் உன் இஷ்டம்."
பஸ்ஸுக்கு நிற்கும்போது அத்தை மெதுவாக, "அந்தச் செடி மட்டும் நல்லாத் தழைச்சிருக்குது" என்றார். அவ்வளவு கோபத்திலும் சிரித்துவிட்டேன். அவர் அழுதார்.

பிப்ரவரி 19
பம்பை நிறுத்திவிட்டேன். யார் சொல்லியும் அல்ல.
பவுடரை நானே கலக்குகிறேன். அத்தை ஆற்றித் தரும் வெந்நீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான். "இன்னுமா நம்பிக்கை வரல?" என்கிறார். இல்லைங்க.
வயிறு நிறைந்த பிறகு நிலாவை மார்பில் போட்டேன். அலறவில்லை. கண்ணை மூடிச் சப்பிக்கொண்டே இருந்தாள். பால் வருகிறதா என்று அமுக்கிப் பார்க்கவில்லை.