ஒழுங்கைக்கு மேலால் போன நீல வயர்

மச்சான்,

இன்று காலை அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவாக்கும்போது அந்த நீல வயர் கையில் வந்தது. ஒரு முழத் துண்டுதான். நுனியில் கண்ணாடி போன்ற அந்தச் சின்னப் பிளக் இன்னும் உடையவில்லை. அது உன் பக்கத்து நுனி.

யுத்த காலத்தில், துறைமுகத்தடியில் ரெண்டு கம்ப்யூட்டரை ஒரே தாளத்தில் பாட வைத்த முதல் ஆள் நான்தான் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் சொல்கிறான் என்று ஒருவரும் சிரிக்கவில்லை. உனக்கு மட்டும் தெரியும், செட் பண்ணினது நீ. நான் முருங்கையில் ஏறி வயர் இழுத்தனான்.

எல்லா வாத்தியத்தையும் தாங்க ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஏலாது. அதனால் உன் வீட்டுப் பெட்டியில் தபேலாவும் மிருதங்கமும், நடுவில் ஓடிய குறுகிய ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் என் பெட்டியில் வயலினும் புல்லாங்குழலும். உன்னுடையது தாளம் சொல்லும். என்னுடையது காத்திருந்து சேர்ந்து வரும். முதல் கிழமை முழுக்க என் வயலின் அரைத் தாளம் பிந்தியது.

"உன்ர பெட்டியும் உன்னை மாதிரித்தானடா! கதை முந்தும், வேலை பிந்தும்," என்று ஜன்னலால் கத்தினாய்.

"என்ர வயலினுக்கு ஈடுகொடுக்க உன்ர தபேலாவுக்கு ஏலாதடா!" என்றேன்.

சரிவந்த அன்று ரெண்டு வீட்டிலிருந்தும் ஒரே கலியாணப் பாட்டு ஒழுங்கையில் வந்து சந்தித்தது. கப்பல்களெல்லாம் நின்று கேட்டன என்று நான் சொல்வது கொஞ்சம் கூடத்தான். மீன்காரர் சைக்கிளை விட்டு இறங்கியது உண்மை.

பாட்டு யோசனையிலேயே கிடந்த எங்களுக்கு, அந்த நாளில் ஒழுங்கைக்கு மேலால் ஒரு வயர் போனால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று தோன்றவேயில்லை. ஒரு மத்தியானம் சோதனைக்கு வந்த ஆமிக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ரெண்டு பேரையும் வெளியே கூப்பிட்டார்கள்.

"இது ஆரின்ர வயர்?"

நான் வாய் திறக்க முந்தி நீ சொன்னாய்: "எனக்குத் தெரியாது ஐயா. அவர்தான் கட்டினவர்."

பிறந்த நாளிலிருந்து என்னை "டேய்" என்று கூப்பிட்ட வாய், அன்றைக்கு "அவர்" என்றது. திரும்பிப் பார்த்தேன். உன் பக்கத்து நுனி ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் வருவதைக் கண்டு, எனக்கொரு சத்தம் கொடுக்காமல், கழற்றி எறிந்திருக்கிறாய்.

மூன்று நாள் வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததை மட்டும் நான் பெருப்பித்துச் சொல்வதில்லை. சொல்வதேயில்லை. திரும்பி வந்தபோது உன் ஜன்னல் சாத்தியிருந்தது. வயரை அறுத்துப் போட்டிருந்தார்கள். இந்தத் துண்டைப் பொறுக்கிக்கொண்டேன்.

ஊரில் வேறு கதை சொன்னேன். "அவன் நெஞ்சை நிமித்தி, 'ரெண்டு பேரும் சேந்து கட்டினது, என்னையும் கொண்டு போங்கோ' எண்டவன்!" இவ்வளவு கெட்டிக்காரனுக்கு இப்படியொரு சிநேகிதனா என்று ஒருவரும் கேட்கக்கூடாதே! தேத்தண்ணிக் கடையில் ஒருநாள் நீயும் அதைக் கேட்டாய். கோப்பையைப் பார்த்தபடி குடித்து முடித்தாய். திருத்தவில்லை.

நேற்று உன் எட்டுச் செலவு, நீ கண்மூடிய எட்டாம் நாள். "மாமா, அப்பா உங்களுக்காக முன்னுக்கு நிண்ட கதையைச் சொல்லுங்கோ," என்று உன் மகள் கேட்டாள். சொன்னேன். ஐந்து பேராய் வந்தவர்களை முப்பதாக்கினேன். பிள்ளை அழுதாள்.

எதையும் பெருப்பிக்க எனக்கு ஏலும், மச்சான். அந்த ஒழுங்கையில் என் பக்கத்தில் எனக்குள்ளே உன்னை நிற்க வைக்கத்தான் இன்னும் ஏலவில்லை. நுனியைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். எறியக் கை வரவில்லை. கடைசியாக அதைக் கழற்றியது உன் கைதான்.