‘போகிறேன்’ என்று சொல்கிற வீரன்

கோவில்பதாகை, ஆவடி
வியாழக்கிழமை

அன்புள்ள வெற்றிச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, கவிப்பிரியா எல்லோரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், ஒசாகாவில் நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன், கேட்டால் நீ எங்கே ஒழுங்காகப் பதில் சொல்கிறாய். வாட்ஸப்பிலேயே எழுதலாமே என்று உன் தங்கை சொன்னாள். அதில் எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், காகிதம் என்றால் உட்கார்ந்து படித்துத்தானே ஆகவேண்டும்.

நீ அனுப்பிய கைவிளையாட்டுப் பெட்டி பத்திரமாக வந்தது. கடைக்கு வரும் முன்னால் அனுப்புகிறேன், யாரிடமும் காட்டாதீர்கள் என்றாய், உன் அப்பா தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டார். அப்பாவின் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தபோது டிவியை அடைத்துக்கொண்டு, என்னை ஒரு சீரியல் பார்க்கவிடாமல் நீ ஆடிய அதே வாள்வீரன் விளையாட்டுத்தான், இப்போது கைக்குள் அடங்குகிற மாதிரி உன் கம்பெனி மறுபடி செய்திருக்கிறது, தமிழ் வசனம் முழுக்க என் பிள்ளை எழுதியது என்று அவருக்கு ஒரே பெருமை. ஏற்கெனவே இருந்ததைச் சின்னதாக்குவதற்கா மூன்று வருஷமாக ஊருக்கு வரமுடியாத அளவு வேலை என்று எதிர்வீட்டு ஷோபனா கேட்டாள். நான் கேட்கவில்லை, சும்மா தலையாட்டினேன். அப்பா வீரனுக்கு சிவராமன் என்று தன் பெயரையே வைத்துக்கொண்டு ஆடுகிறார். தொழிற்சாலையில் பீரங்கி வண்டி செய்து ஓய்வு பெற்ற மனுஷன், ஊர் எல்லையில் நிற்கிற பச்சைக் கொழகொழா பூதத்திடம் தினம் உதை வாங்குகிறார்.

எனக்கு அந்த விளையாட்டில் பிடித்த ஒரே ஆள் வீரனுடைய அம்மாதான். அப்போது எல்லாம் இங்கிலீஷில் இருந்தது, வாசலில் நிற்கிற அந்தப் பொம்பளை என்னடா சொல்கிறாள் என்று உன்னைக் கேட்டேன், சாப்பிட்டுப் போன்னு சொல்றாங்கம்மா என்றாய். அடிபட்டால் வீரன் அந்த வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும், சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் உயிர் நிரம்பும். இப்போது நீங்கள் செய்திருப்பதில் நடுக்காட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம், உயிர் தானாக நிரம்பிவிடுமாம், வீட்டுப் பக்கமே வர வேண்டாமாம். அந்த அம்மா மட்டும் அதே வாசலில் வேலையத்துப் போய் நிற்கிறாள், இதற்குப் பெயர் வசதி என்கிறாய். உன் அப்பா அந்தப் பொத்தானைத் தொடமாட்டேன் என்று நொண்டிக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறார், வழியில் இன்னொரு பூதம் அடித்து அங்கேயே செத்துப்போகிறார்.

சரி, நாமும் ஆடிப் பார்ப்போம் என்று நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். வீரன் வாளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று பெத்தவளிடம் சொல்கிறான், ‘போகிறேன், அம்மா’ என்று. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவன் எவனாவது அப்படிச் சொல்வானா? போயிட்டு வரேன் என்று சொல்ல உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வீரன் சொல்கிற அந்த வசனத்தைப் படிக்காமலே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார் உன் அப்பா. நான் வீரனை வெளியே விடவே இல்லை, கிளம்பலாமா என்று பெட்டி கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்று அழுத்திவிட்டேன், இன்றுவரை அவன் வீட்டுக்குள்தான் இருக்கிறான். போனில் உன்னைக் கேட்டதற்கு நீ சொன்ன பதில் இருக்கிறதே, அதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். சின்னத் திரைம்மா, ‘போயிட்டு வரேன்’ நீளம், வசனம் வருகிற கட்டத்தில் இடம் போதவில்லை என்றாய். போகிறதுக்கு இடம் இருக்கிறதாம், வருகிறதுக்குத்தான் இல்லையாம்.

அதே போனில்தான் இன்னொன்றும் சொன்னாய், ஆவணியில் விளையாட்டு கடைக்கு வருகிறது, லீவு கிடைக்காது, தங்கச்சி கல்யாணத்தை வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்று. பூந்தமல்லியில் மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகையில் உன் பெயரும் அச்சாகிவிட்டது. மாப்பிள்ளை கார்த்திகேசனுக்கு மாலை போட்டு மேடைக்கு அழைத்து வருவது மச்சானுடைய வேலை, அதை வீடியோவில் எப்படிப் போடுவாய், அதற்கும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர்களா? உன் பெரியப்பா மகன் விஷ்ணுவை நிறுத்தலாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அண்ணன் வரலைன்னா மாப்பிள்ளை தானாவே நடந்து வரட்டும், கால் இருக்கு இல்ல என்றுவிட்டாள் கவிப்பிரியா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் உன் பெயர் அச்சான பத்திரிகையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சேக்காட்டில் பத்திரிகை வைத்துவிட்டு வரும்போது ஆட்டோ ஓட்டுகிற துலுக்கானம்கூடக் கேட்டார், இன்னாக்கா, உம்புள்ள கேம் கம்பெனிலதான கீறாரு, ஊட்டுக்கு வர்றதுக்கு ஒரு பட்டன் வச்சிக்கக் கூடாதா என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

போன தடவை நீ கிளம்பியது உனக்கு நினைவிருக்காது. கார் ஹாரன் அடித்த அவசரத்தில் சரிம்மா, போறேன் என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாய். மாற்றிச் சொல்லடா என்று கத்திக்கொண்டே தெருமுனைவரை ஓடிவந்தேன், நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய், கார் திரும்பிவிட்டது. அதற்கப்புறம் நீ வரவேயில்லை. இதெல்லாம் மூடநம்பிக்கை என்பாய், இருந்துவிட்டுப் போகட்டும், எனக்குப் பயமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, கப் நூடுல்ஸை சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதே, தலைக்கு எண்ணெய் வை. நோய் நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் நடந்து, நீ நன்றாக இருக்கவேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். விளையாட்டில் இருப்பதைத் திருத்துவதும் விடுவதும் உன் கம்பெனி பாடு. நீ சொன்னதைத் திருத்த மட்டும் நீயே நேரில் வந்தாகவேண்டும். வந்து, தங்கச்சி கல்யாணத்தை முடித்துவிட்டு, திரும்பக் கிளம்பும்போது வாசலில் நின்று முழுசாகச் சொல்லு. நம் வாசலில் இடம் நிறைய இருக்கிறது.

உன் அம்மா,
சி. சாமுண்டீஸ்வரி