அட்டையை மூடினாலும் படிக்கும் பள்ளி

இன்று காலை வாசிப்புச் சோதனைக்கான புது அட்டைகள் வந்தன. கட்டைப் பிரித்ததும் சூடான பிளாஸ்டிக் வாசனை. உறை மட்டும்தான் புதிது; உள்ளே அதே குரங்கு, அதே மாமரம். உன்னிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று பக்கத்து வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டேன். நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. என் கழுத்துக்கு இன்னும் அது தெரியவில்லை.

ஸ்ரீராம்புரத்தில் நம் பள்ளிக்கு நீ வந்த புதிது. அஞ்சாவது படித்த முருகேசன் அந்தக் குரங்குக் கதையைத் தங்குதடையின்றிப் படித்தான். உனக்குச் சந்தேகம். அட்டையை உள்ளங்கையால் மூடினாய். அவன் நிறுத்தவில்லை, குரங்கை மரத்திலிருந்து பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் ஓய்ந்தான். தலைமையாசிரியர் பூரித்துப்போனார்.

"பாத்தீங்களா டீச்சர், மூடினாலும் படிக்கிறான்!"

நீ சிரிக்கவில்லை. கரும்பலகையில் 'மரம்' என்று தனியாக எழுதிக் கேட்டாய். முருகேசன் கூரையைப் பார்த்தான். நாற்பத்து மூன்றிலிருந்து பதினேழைக் கழிக்கச் சொன்னாய். முப்பத்து நான்கு என்றான். கோபப்பட்டது நான்.

"ஏன்டி திட்டுற? மூணுல ஏழு போவாதுன்னு நாமதானே சொல்லிக் குடுத்தோம். அதான் ஏழுல மூணைக் கழிச்சிட்டான். சொன்ன பேச்சைக் கேட்டிருக்கான், பாவம்" என்றாய்.

அதன் பிறகு தினமும் ஒரு மணி நேரம் யார் எந்த வகுப்பு என்பதை மறந்தோம். எழுத்து தெரியாதவர்கள் ஒரு வட்டம், எழுத்துக் கூட்டுபவர்கள் ஒரு வட்டம். கழித்தலுக்கு, பத்துப் பத்தாகக் கட்டிய ஊதுவத்திக் குச்சிகள். ஒரு கட்டைப் பிரித்தால் மூன்று பதின்மூன்றாகும் என்று முருகேசன் தன் கையாலேயே கண்டுகொண்டான்.

அவன் அம்மா சண்டைக்கு வந்தாள். "எம் புள்ள அஞ்சாங்கிளாசு. ஒண்ணாவதோட குந்த வெச்சா தெருவுல எனக்கு என்னா மருவாதி?"

நீ நாற்காலி போட்டாய். "மருவாதிய நான் பாத்துக்கிறேன்க்கா. மொதல்ல அவன் படிக்கட்டும்."

அவள் உட்கார்ந்து முழுதும் பார்த்தாள். போகும்போது மகனிடம், "இந்த எடத்த விட்டு எழுந்தே, காலை ஒடிச்சிடுவேன்" என்றாள்.

இப்போது தலைமையாசிரியருக்கு அந்த ஒரு மணி நேரத்தின் மேல்தான் கண். "அதிகாரி வராரு. சோதனைத் தாள்ல எல்லாருக்கும் 'கதை படிக்கிறார்'னு போட்டுடுங்க டீச்சர். வட்டமெல்லாம் வேணாம், பாக்க நல்லால்ல. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார். கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்பதன் கன்னடம். இந்த ஊரின் சாலைகள் உட்படச் சகலமும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் ஓடுகின்றன. பிள்ளைகளையும் அதன் மேலேயே ஓட்டிவிட்டால் அஞ்சாவது தேறிவிடுவார்கள். பஸ் பலகையைப் படிக்கத்தான் பக்கத்தில் யாராவது வேண்டியிருக்கும்.

"மாட்டேன் சார்."

"அப்ப அதிகாரிக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

"அதுக்கும் சேத்துத்தான் சார் சம்பளம் வாங்குறேன்."

எழுத்து தெரியாதவனுக்கு எழுத்து தெரியாது என்றே குறித்திருக்கிறேன். நாளை அதிகாரி வருவது சரியாக அந்த மணி நேரத்தில். வட்டங்கள் கலையாது; அவருக்கும் தரையில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது பிடிவாதம் ஒன்றுதான். திருப்பித் தரும் உத்தேசம் இல்லை.