பெயர் எழுதாமல் விட்ட பதிவேடு

நான் பேசாத நேரங்களிலும் என்னோடு பேசிக்கொண்டிருந்த என் அருமை மச்சான் குணம்,

நீ கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. இங்கே சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அந்த நாள் வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

உன் மகள் துஷி, நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய இந்த ஸ்காபரோவின் நூலகத்தில் நடத்தும் வாசிப்பு வட்டத்தில், நாசிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள் எழுதிய நினைவு நூல்களை இந்த வருடம் வாசிக்கிறோம். நான் வழக்கம்போலக் கடைசி வரிசையில் இருந்து குறிப்பெடுத்தேன். தலையை மழித்தார்கள். உடுப்பைப் பறித்தார்கள். கரண்டி கொடுக்காமல் சூப்பை நக்கிக் குடிக்க வைத்தார்கள். இதையெல்லாம் ஒழுங்காக எழுதிய என் கை, பெயரை எடுத்துவிட்டு இலக்கம் கொடுத்த இடத்தில் நின்றுவிட்டது. அந்தப் பக்கங்களில் மேசைக்குப் பின்னால் ஒருவன் இருக்கிறான். அவன் அடிப்பதில்லை, கத்துவதில்லை. எழுதிக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பெரும் கொடுமைக்குப் பக்கத்தில் ஊரில் யுத்த காலத்தில் இருந்த எங்கள் தடுப்பு முகாமை வைத்துப் பார்க்க எனக்கு என்ன தகுதி என்று பல நாள் யோசித்தேன். இன்னும் தெரியவில்லை.

போன கிழமை துஷி வந்தாள். “மாமா, சனிக்கிழமை எங்கட கூட்டத்தில நீங்களும் பேசுறீங்கள். ‘தடுப்பு முகாமில் இருந்தவர்’ எண்டு நோட்டீஸில போட்டிட்டன். ஓகேதானே?”

“ஓம் பிள்ளை” என்றேன். என் கோழைத்தனம் உனக்குத் தெரியும். “மாமாவும் அங்கதான் இருந்தவர்” என்று நீதானே அவளுக்குச் சொல்லி வளர்த்தாய். அது பொய்யில்லை. நீ கம்பிக்கு உள்ளே இருந்தாய். நான் வாசலடி அறையில், அரசாங்கம் அனுப்பிய கிளாக்கராகப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் உனக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. முகாமில் செல்வராசா என்று நான்கு பேர். அதில் இருவருக்குத் தகப்பன் பெயரும் ஆறுமுகம். ஒருவனின் சாப்பாட்டுப் பொதி மற்றவனுக்குப் போனது. ஒருவனுக்கு விழ வேண்டிய அடியும் மற்றவனுக்கு விழுந்தது. எனக்கு அது தாங்கவில்லை. பொறுப்பதிகாரியிடம் போய், ஆளுக்கொரு இலக்கம் கொடுத்தால் பிழை வராது என்று சொன்னேன். அவர் என் தோளில் தட்டினார்.

பிழை வரவில்லைத்தான். பொதிகள் சரியாகப் போயின. நீகூட உன் இலக்கத்தைச் சொல்லிப் பகிடி விட்டாய்: “கிளாக்கர் ஐயா, நாப்பத்தேழுக்கு வீட்டில இருந்து புட்டு வந்ததோ? கறியில்லாட்டி நாப்பத்தெட்டுக்குக் குடுங்கோ!” நான் சிரித்தேன். இரண்டு மாதத்தில் காவலர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டார்கள். புதிய பதிவேட்டுக்கு மாற்றி எழுதும்போது, வேலை மிச்சம் என்று நானும் பெயர்களை எழுதாமல் விட்டேன். பழையதை எரிக்கக் கொடுத்தேன்.

பிறகு ஒரு காலை பத்து இலக்கங்களை வாசித்து லொறியில் ஏற்றினார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. நான் பதிவேட்டில் அந்தப் பத்து வரிகளையும் அடிமட்டம் வைத்து நேராகக் கோடிழுத்து வெட்டினேன்.

மறுநாள் வாசலுக்கு ஒரு தாய் வந்தாள். “தம்பி, என்ர பிள்ளை செல்வராசா உள்ளுக்க இருக்கிறானோ?”

“இலக்கம் என்னம்மா?”

“பெத்த எனக்கு இலக்கம் எப்பிடியப்பு தெரியும்? பேரைப் பாரன்.”

பார்ப்பதற்குப் பெயர் இருக்கவில்லை. பத்துப் பேரில் அவளுடைய மகன் இருந்தானா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. “நாளைக்கு வாங்கோ” என்றேன். அவள் வந்தாள். அடுத்த நாளும் வந்தாள்.

நேற்று துஷிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: “அப்பாவுக்குத் தெரியுமா?”

தெரியுமா மச்சான்? தெரிந்துகொண்டுதானா என் தங்கையைக் கட்டினாய்? தெரிந்துகொண்டுதானா முப்பது வருடம் என்னோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டாய்?

“சனிக்கிழமை வாங்கோ மாமா” என்றாள். “நான் உங்களுக்குப் பக்கத்தில இருக்க மாட்டன். ஆனா நீங்கள் வரவேணும்.”

போகிறேன். நோட்டீஸில் உள்ளதை ‘தடுப்பு முகாமில் பதிவேடு எழுதியவர்’ என்று திருத்தச் சொல்லிவிட்டேன். அங்கே வருகிறவர்களில் யாருடைய அண்ணன், யாருடைய தகப்பன் அந்த லொறியில் போனான் என்று எனக்குத் தெரியாது. யாராவது எழுந்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால், மறுநாள் வரச் சொல்ல மாட்டேன். அந்தப் பெயரை எழுதாமல் விட்டவன் நான்தான் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக் கையெழுத்திட எனக்கு இன்னும் உரிமை இருந்தால்,
உன் மச்சான்,
சிவபாதம்