சத்தியம் செய்தது அவனா, அவளா

8 ஜூன் 1959
சித்தூர் கோர்ட்டில் இன்று என் முதல் வழக்கை 'சைனி டை' என்று ஒத்திவைத்தார்கள். கட்சிக்காரர் கங்கையா என் அங்கியைப் பிடித்துக்கொண்டார். "டைன்னா சாவுன்னு எம் பேரன் சொல்லுவான். யாரு சாமி செத்தது?" எனக்கும் தெரியவில்லை! அகராதியைப் புரட்டினால் அது லத்தீன் — 'நாள் குறிக்காமல்'. இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

14 ஜூன்
அம்மாவோடு திருத்தணிக்குப் பெண் பார்க்கப் போனேன். பெயர் யசோதா. காபியை நீட்டியபடியே கேட்டாள்: "வக்கீலுங்களுக்கு லத்தீன் தெரியுமாமே. அஃபிடவிட்டுன்னா இன்னா?"
"பிரமாணப் பத்திரம்."
"அது கோர்ட்டுல சொல்றது. லத்தீன்ல?"
காபி பிரமாதம் என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவ்வளவுதான், நான் போயே போய்விட்டேன்.
ஆனால் அவள் அப்பா செங்கல்வராயன் அசையவில்லை. இப்போது ஆந்திராவில் இருக்கும் திருத்தணி மெட்ராஸோடு சேர வேண்டுமென்று மறியல் செய்தவர். "சித்தூரு ஆந்திராவுல கீது. எங்க ஊரு எங்க போவுமோ தெரியல. எல்லை தீராம பொண்ணக் குடுக்க மாட்டேன்."

15 ஜூன்
கண்டுபிடித்தேன்! அஃபிடவிட் — 'சத்தியம் செய்தாயிற்று' என்று ஆளையும் சேர்த்துச் சொல்லும் ஒற்றை வினை. நம் 'வந்தான்' போல. ஆனால் செய்தது அவனா, அவளா என்று சொல்லாது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

20 ஜூன்
இன்று அகராதியில் 'வீட்டோ' (veto): லத்தீனில் 'நான் தடுக்கிறேன்'. செங்கல்வராயனுக்கு லத்தீன் தெரியும்.

ஆடிக் கிருத்திகை
மலைப்படியில், காவடிக் கூட்டத்தில், அப்பாவோடு வந்தவளைப் பிடித்துவிட்டேன். வணக்கம்கூடச் சொல்லாமல் அஃபிடவிட்டின் அர்த்தத்தைக் கொட்டினேன் — பைத்தியம்தானே நான்?
"அவனா அவளான்னு இல்லியா? அப்ப நானும் பண்ணலாம்," என்றாள். திரும்பினாள். "நைனா, இவரத்தான் கட்டிக்குவேன். முருகன் மேல சத்தியம்."
"எல்லை?"
"அவங்க போட்டுக்கினு இருக்கட்டும் நைனா. நான் எல்லையவா கட்டிக்கப் போறேன்?"
சுற்றிலும் அரோகரா. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தை பொறக்கட்டும்," என்றார்.
ஐயோ! படியெல்லாம் எப்படி இறங்கினேன்?

1 ஏப்ரல் 1960
இன்றுமுதல் திருத்தணி மெட்ராஸ் ராஜ்யம். பொழுது சாய மாமனார் பலாப்பழத்தோடு எங்கள் சித்தூர் வீட்டு வாசலில் நின்றார். "மெட்ராஸ்காரன் வந்துக்கீறேன். சோறு போடுவீங்களா?"
வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ் எப்போது என்று கேட்டார்.
"ஆந்திராவுல இன்னிக்கு பஸ்ஸு ஓடல நைனா," என்றாள் யசோதா, முகம் மாறாமல்.
அவர் பஸ்ஸில்தான் வந்திருந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.